வாடைக்கு முன்னால் தெற்கே: இரண்டு பேர், ஒரு பாய்மரப் படகு, 1,090 மைல்

வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் நகரில், எலிசபெத் ஆற்றின் நடுவே 36 என்று எண்ணெழுதிய ஒரு சிவப்பு மிதவை மிதக்கிறது. அட்லாண்டிக் இன்ட்ராகோஸ்டல் நீர்வழியின் மைல் 0 அதுதான். அங்கிருந்து தெற்கே மயாமி வரை சுமார் 1,090 மைல். ஆறு, கழிமுகம், காயல், வெட்டிய கால்வாய் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு கரைக்கு உள்ளேயே போகிற வழி இது. திறந்த கடலில் ஓட்டிப் பழகாதவர்களும் சொந்தப் படகில் போய்வர முடியும். படகுக்காரர்கள் இதைச் செல்லமாக 'டிட்ச்' என்பார்கள், வாய்க்கால் என்று பொருள். இப்படி ஒரு வழி வேண்டும் என்று 1808-லேயே அமெரிக்க நிதிச் செயலர் ஆல்பர்ட் கலட்டின் அறிக்கை எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தக் கரையோரம் கப்பல்களை மூழ்கடித்தபோது, இதன் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

நானும் என் கணவரும் 34 அடிப் படகில் இரண்டு குளிர்காலம் இந்த வழியில் போய்வந்தோம். ஏரியிலோ செசபீக் விரிகுடாவிலோ பகல்நேரம் பாய் விரித்துப் பழகியிருக்கிறீர்கள், இருவராக நீண்ட பயணம் போக ஆசைப்படுகிறீர்கள் என்றால் இது உங்களுக்காக எழுதியது. பாய் கட்டுவதைப் பற்றி இதில் அதிகம் இல்லை. இந்த வழியில் பாதி நேரத்துக்கு மேல் எஞ்சினில்தான் போவீர்கள். குளிர்காலத்தில் இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது வெளிச்சத்தைக் கணக்குப் பார்ப்பதும், "இன்றைக்குப் போக வேண்டாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லப் பழகுவதும்.

முதலில் நாட்காட்டி

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிகிறது. பல காப்பீட்டு நிறுவனங்கள் குறிப்பிட்ட தேதி வரை படகு குறிப்பிட்ட எல்லைக்கு வடக்கேதான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும். அந்தத் தேதியும் எல்லையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தை மட்டுமாவது இருவரும் சேர்ந்து படியுங்கள். படகோட்டும் பாதுகாப்புச் சான்றிதழையும் இப்போதே முடித்துவிடுங்கள். வட கரோலினாவிலும் ஃபுளோரிடாவிலும் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் எஞ்சின் படகு ஓட்ட அது தேவை. பாய்மரப் படகானாலும் எஞ்சின் ஓடினால் அது எஞ்சின் படகுதான்.

அக்டோபர் கடைசியில் கிளம்புவதே நல்லது. எங்களைப் போல நவம்பர் பாதியில் கிளம்பினால் பகல் சுருங்கியிருக்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில் நார்ஃபோக்கில் காலை ஏழு மணிக்கு விடிந்து மாலை நாலே முக்காலுக்கு இருட்டத் தொடங்கிவிடும். இந்த வழியில் இருட்டில் ஓட்டாதீர்கள். பல அடையாளக் கம்பங்களுக்கு விளக்கு இல்லை. நண்டுப் பொறிகளின் மிதவைக் கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். ஆற்றில் மரக்கட்டைகளும் மிதந்து வரும்.

காற்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் தென்மேற்குக் காற்று வெதுவெதுப்பாக வீசும். அன்று போர்வையைக்கூடத் தேடமாட்டீர்கள். வானம் கலங்கி மழை கொட்டும். பிறகு ஒரு மணி நேரத்துக்குள் காற்று வடமேற்குக்குத் திரும்பும், அப்புறம் நல்ல வாடை. இரண்டு மூன்று நாள் பல்லைக் கிட்டவைக்கும். மெதுவாகக் கிழக்கே சுற்றித் தணியும், மறுபடியும் தெற்கிலிருந்து முதலில் இருந்து தொடங்கும். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், சில வாரம் இரண்டும் வரும். தெற்கே போகிற உங்களுக்கு வாடை முதுகில்தான் தள்ளும். ஒடுங்கிய கால்வாயில் அது வரம். அகன்ற காயலிலும் கழிமுகத்திலும் அதே வாடை அலையை எழுப்பிவிடும். அமெரிக்க அரசின் கடல்–வானிலை நிறுவனமான நோவா வெளியிடும் கடலோர முன்னறிவிப்பைக் காலையும் இரவும் இருவரும் படியுங்கள். ஒருவர் படித்து மற்றவருக்குச் சுருக்கிச் சொன்னால் போதாது.

பிறகு அளவுநாடா

படகைப் பற்றி இரண்டு எண் மனப்பாடமாக இருக்க வேண்டும்: நீர்மட்டத்திலிருந்து பாய்மரத்து உச்சி எவ்வளவு உயரம், படகின் அடிச்சட்டமான கீல் நீருக்குள் எத்தனை அடி இறங்குகிறது.

வழியிலுள்ள நிலையான பாலங்கள் உச்ச ஓதத்தில், அதாவது கடல்நீர் முழுக்க ஏறி நிற்கும்போது, 65 அடி இடம் விடும்படி கட்டப்பட்டவை. இரண்டு விலக்கு உண்டு. வட கரோலினாவில் வில்கர்சன் பாலம் 64 அடி. மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் 56 அடிதான். அதைவிட உயர்ந்த மரமுள்ளவர்கள் மயாமிக்குக் கடல்வழியாகத்தான் நுழைய வேண்டும். விற்பனைக் காகிதத்தில் போட்டிருக்கும் உயரத்தை நம்பாமல் நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். உச்சியில் நிற்கும் ஆன்டெனாவையும் விளக்கையும் சேர்த்து அளக்க வேண்டும். பாலத்தடியில் ஒரு பலகையில் எண்கள் எழுதியிருக்கும். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் அந்த நிமிடத்து இடைவெளி.

ஆழத்தைப் பொறுத்தவரை, நார்ஃபோக்கிலிருந்து ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி, அங்கிருந்து மயாமி வரை 10 அடி என்று சட்டப்படி சொல்லியிருக்கிறார்கள். பல இடங்களில் மணல் சேர்ந்து அதில் பாதிதான் இருக்கும். எங்கள் படகு 5 அடி இறங்கும், அது வசதியான அளவு. 6 அடிக்கு மேல் இறங்குகிற படகு என்றால் ஒவ்வொரு நாளும் ஓத அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டும். ராணுவப் பொறியாளர் படையினர் அளந்த ஆழங்களை வரைபடத்தின் மேலேயே காட்டும் செயலிகள் உண்டு, அக்வா மேப் அதில் ஒன்று. பழைய காகித வரைபடம் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழியில் இறங்காதீர்கள்.

எரிபொருளையும் கணக்கிடுங்கள். இந்த வழியில் தூரம் கடல் மைலில் அல்ல, நில மைலில் குறிக்கப்படுகிறது. 5.5 நாட் வேகம், அதாவது மணிக்கு 5.5 கடல் மைல் என்றால் மணிக்கு 6.3 நில மைல். 1,090 மைலுக்கு ஏறத்தாழ 173 மணி நேரம். எங்கள் டீசல் எஞ்சின் மணிக்கு முக்கால் கேலன் குடிக்கும், மொத்தம் 130 கேலன். மாற்றுவதற்கு எஞ்சின் எண்ணெய், இரண்டு உதிரி இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்க நீர் இறைக்கும் சுழலி), எரிபொருள் வடிகட்டிகள், பெல்ட் ஆகியவை கையில் இருக்கட்டும். இம்பெல்லரை எப்படி மாற்றுவது என்று இருவருமே துறையில் கட்டியிருக்கும்போதே செய்து பார்த்துவிடுங்கள்.

இருவருக்குள் ஒப்பந்தம்

வெளியூர்ப் பயணம்போல ஒருவர் ஓட்ட, மற்றவர் உட்கார்ந்து வர இது ஒத்துவராது. சுக்கான் பிடிப்பவருக்குக் குளிரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கவனம் நிற்காது. நாங்கள் மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டோம். நங்கூரம் போடுவதும், துறையில் அணைப்பதும், பாலக்காரரோடு ரேடியோவில் பேசுவதும் இருவருக்கும் வர வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் படகைக் கரை சேர்த்தாக வேண்டும்.

நங்கூரம் போடும்போது ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் நிற்பார், மற்றவர் பின்னால் எஞ்சினில். காற்றில் குரல் கேட்காது, கத்தினால் கோபமாகவே கேட்கும். முன்னே, பின்னே, நிறுத்து, நங்கூரம் பிடித்தது என்று நான்கு கைச்சைகை போதும். காதில் மாட்டிப் பேசும் ஹெட்செட் ஜோடியும் விற்கிறார்கள். படகுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மேரேஜ் சேவர்'. எங்களுக்குச் சைகையே பழகிவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: இருவரில் யாராவது "வேண்டாம்" என்றால் அன்று போவதில்லை. காரணம் கேட்கக் கூடாது, மறுநாள் குத்திக்காட்டவும் கூடாது. இதை நாங்கள் கற்ற விதத்தை ஜார்ஜியா வரும்போது சொல்கிறேன்.

அடையாளம் படிக்க

தெற்கே போகும்போது சிவப்பு உங்கள் வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். வலது என்றால் நிலத்தின் பக்கம், இடது என்றால் கடலின் பக்கம். இது எளிதாகத்தான் தெரியும். ஆனால் கடலிலிருந்து வரும் ஆற்றுமுகங்களை இந்த வழி குறுக்கே கடக்கிறது. அங்கே கடலிலிருந்து உள்ளே வரும் கப்பல்களுக்கு வைத்த சிவப்பும் பச்சையும் உங்களுக்குத் தலைகீழாக நிற்கலாம். அப்போது நிறத்தை மறந்துவிட்டுப் பலகையில் ஒட்டியிருக்கும் சின்ன மஞ்சள் குறியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் வலப்பக்கம், மஞ்சள் சதுரம் இடப்பக்கம். பலகை என்ன நிறமாக இருந்தாலும் சரி.

ஒரு ஆற்றுமுகத்தில் எதிர்வெயில். என் கணவர் சிவப்பைக் கண்டதும் பழக்கத்தில் அதை வலப்பக்கம் விடத் திருப்பினார். தொலைநோக்கி என் கையில் இருந்தது. "என்னங்க, சதுரம்! சதுரம் இருக்கு, இடப்பக்கம் விடுங்க!" என்றேன். ஆழம் காட்டும் கருவி அதற்குள் 14-லிருந்து 7-க்கு வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், ஆற்றுமுகம் வந்தால் ஒருவர் சுக்கானில், ஒருவர் தொலைநோக்கியோடு.

பாலக்காரரும் மற்றப் படகுகளும்

திறக்கும் பாலங்களை வி.எச்.எஃப். ரேடியோவில் அழைக்க வேண்டும். வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் 13-ஆம் அலைவரிசை. தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடாவில் 9. 16 எப்போதும் திறந்திருக்கட்டும். பாலத்தின் பெயர், படகின் பெயர், எந்தத் திசையில் போகிறோம், அடுத்த திறப்பில் கடக்க வேண்டும் என்று சொன்னால் போதும். கடந்தவுடன் நன்றி சொல்லுங்கள். அந்தச் சின்ன அறையில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பவர் அவர்.

பல பாலங்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, நகரங்களில் அலுவலக நேரத்தில் திறக்கவே மாட்டார்கள். பலத்த காற்றிலும் திறக்க மாட்டார்கள். பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள், ஆனால் நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளினால் பாலத்தை ஒட்டி நிற்காதீர்கள். பாய்மரப் படகு தன் இடத்தில் நிற்கத் தெரியாத பிராணி. நன்றாகத் தள்ளி, அணியத்தை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி வைத்துக் காத்திருங்கள்.

பெரிய மோட்டார் படகுகள் முந்தும்போது அலை எழுப்பும். ரேடியோவில் அழைத்து "மெதுவாகக் கடக்கட்டுமா" என்று கேட்பார்கள். அப்போது நீங்கள்தான் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். நீங்கள் 6 நாட்டில் போனால் அவர் 8-லாவது வர வேண்டும், அலை எழத்தான் செய்யும். நீங்கள் கிட்டத்தட்ட நின்றுவிட்டால் அவரும் அலையில்லாமல் கடந்துவிடுவார். புதிதாக வருகிற பலர் இது தெரியாமல், தட்டு உருண்டதும் அவரைத் திட்டுகிறார்கள்.

ஒரு நாளின் கணக்கு

பகல் ஒன்பதே முக்கால் மணி நேரம். நங்கூரம் எடுக்கவும் போடவும் ஒரு மணி, பாலத்துக்குக் காத்திருக்க ஒரு மணி. மிச்சத்தில் 45 மைல் என்று திட்டம் போடுங்கள். 60 என்று போட்டால் கடைசி ஒரு மணி நேரம் இருட்டோடு ஓட்டப் பந்தயம்தான். முந்தின இரவே மூன்று இடம் குறித்துவையுங்கள்: போக நினைக்கிற இடம், அதற்கு 15 மைல் முன்னால் ஒன்று, 25 மைல் முன்னால் ஒன்று. மதியம் இரண்டு மணிக்கு எங்கே இருக்கிறோம் என்று பார்த்து எது என்று முடிவெடுங்கள். அந்த முடிவை மூன்றரைக்குத் தள்ளாதீர்கள். மயாமி வரை 25 நாள் ஓட்டம், காற்றுக்கும் மழைக்கும் உட்கார்ந்த நாட்களையும் சேர்த்தால் ஏழு, எட்டு வாரம் ஆகும்.

வழியில்

நார்ஃபோக்கிலிருந்து இரண்டு பாதை பிரிகிறது. ஆல்பமார்ல்–செசபீக் கால்வாய் ஆழமானது, பெரிய படகுகளும் பார்ஜ் என்னும் தட்டையான சரக்குப் படகுகளும் போவது. மற்றது டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். 1793-இல் வெட்டத் தொடங்கி 1805-இல் திறந்தார்கள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர் இடுப்பளவு சேற்றில் நின்று கையால் வெட்டியது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் அதே சதுப்புக் காட்டுக்குள்தான் ஒளிந்து வாழ்ந்தார்கள். அந்தக் கால்வாயில் எஞ்சினை மெதுவாக வைத்துப் போகும்போது இது நினைவில் இருந்தால் நல்லது. ஆழம் 6 அடி என்பார்கள், அடியில் மரக்கட்டைகள் உண்டு. 5 அடிக்கு மிகாமல் இறங்குகிற படகு என்றால் தயங்காமல் இதிலேயே போங்கள். தண்ணீர் டிகாக்ஷன் நிறம். இரு முனையிலும் நீர்ப்பூட்டு, ஒவ்வொன்றும் படகைச் சுமார் 8 அடி ஏற்றி இறக்கும். பூட்டுக்குள் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள், கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துத் தளர்த்திக்கொண்டே வாருங்கள்.

கால்வாய் முடிந்தால் எலிசபெத் சிட்டி. ஊரே கட்டிவைத்த இலவசத் துறை இருக்கிறது. 1983-லிருந்து வருகிற படகுக்காரர்களுக்கு ஊர்க்காரர்கள் ரோஜாப் பூ கொடுத்து வரவேற்ற பழக்கம் அங்கே பெயர்பெற்றது. இங்கே ஒரு நாள் கூடுதலாக நின்றாலும் பரவாயில்லை, அடுத்து வருவது ஆல்பமார்ல் காயல். ஆழம் குறைவு, பரப்பு அகலம். காற்று 15 நாட்டைத் தாண்டினால் அலை குட்டையாக, செங்குத்தாக, மூச்சுவிட நேரமில்லாமல் அடிக்கும். எங்கள் முதல் "வேண்டாம்" இங்கேதான் சொல்லப்பட்டிருக்க வேண்டும், சொல்லவில்லை. அலமாரியிலிருந்த பருப்பு டப்பா திறந்து தரையெல்லாம் துவரம்பருப்பு. அது மார்ச் மாதம் வரை பலகை இடுக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தது. இந்தப் பகுதியில் ஓதம் பெரிதாகக் கிடையாது, காற்றுதான் தண்ணீரை ஒரு பக்கம் தள்ளி ஏற்றி இறக்கும்.

அலிகேட்டர்–பங்கோ கால்வாய் இருபது மைலுக்கு ஏறத்தாழ நேர்கோடு. ஓரத்தில் மரத்தின் அடிக்கட்டைகள் நீருக்குள் இருக்கும், நடுவிலேயே போங்கள். பிறகு ஓரியன்டல், பாய்மரக்காரர்கள் ஊர், எந்த உதிரிப்பாகமும் கிடைக்கும். அதையடுத்து போஃபோர்ட். தென் கரோலினாவில் இதே எழுத்தில் இன்னொரு ஊர் உண்டு, அதை பியூஃபோர்ட் என்பார்கள். ரேடியோவில் மாற்றிச் சொன்னால் குழப்பம்தான். கேம்ப் லெஜூன் மரைன் படை முகாமில் சுடும் பயிற்சி நடக்கும்போது நீர்வழியை மூடிவிடுவார்கள். இரு முனையிலும் பெரிய பலகை, அதில் விளக்கு சிமிட்டினால் நின்றுவிடுங்கள். மிர்ட்டில் பீச் அருகே 'ராக் பைல்' என்னும் பாறை வெட்டு ஒடுக்கமானது. நுழையும் முன் ரேடியோவில் அறிவித்து, எதிரே பார்ஜ் வருகிறதா என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அதைக் கடந்ததும் வக்கமா ஆறு. முழு வழியிலும் எனக்கு இதுதான் பிடித்தது. கரிய நீர், அதில் கால் ஊன்றி நிற்கும் சைப்ரஸ் மரங்கள், கிளைகளிலிருந்து சாம்பல் நிறச் சடைபோல் தொங்கும் பாசி. ஆழம் தாராளம். ஏதாவது ஒரு கிளை ஆற்றில் நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்திவிட்டால் பனி விழும் சத்தம்கூடக் கேட்பதுபோல் இருக்கும். வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

ஜார்ஜியா: ஓதத்தை மதிக்க

தென் கரோலினாவிலிருந்து ஓதம் வளரும். ஜார்ஜியாவில் தண்ணீர் 7 முதல் 9 அடி வரை ஏறி இறங்கும். பலர் இந்த 140 மைலைப் பயந்து கடலில் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் பொன்னிறப் புல்வெளிச் சதுப்பு, அதில் நம் படகு மட்டும். ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஆழம் குறைந்த இடங்களை ஏறுகிற ஓதத்தில், பாதிக்கு மேல் ஏறிய பிறகு கடக்க வேண்டும். தரை தட்டினாலும் பத்து நிமிடத்தில் தண்ணீரே தூக்கிவிடும். ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர், ஜெக்கில் கிரீக் மூன்றுக்கும் இதுதான்.

முதல் குளிர்காலத்தில் டோபாய் சவுண்டில் இரவு தங்கினோம். காலையில் அட்டவணையைப் பார்த்தேன், ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவர் நங்கூரச் சங்கிலியைக் கழுவ வாளியோடு நின்றுகொண்டிருந்தார், முந்தின நாள் மழையில் ஒரு நாள் வீணாகியிருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது மணிக்கு லிட்டில் மட் ரிவரில் படகு மெத்தையில் உட்காருவதுபோல் நின்றது. இடிக்கவே இல்லை. எஞ்சினைப் பின்னுக்குப் போட்டோம், சேறுதான் கலங்கியது. இருபது நிமிடத்தில் படகு சாயத் தொடங்கியது. பதினோரு மணிக்குக் காபின் சுவரில் கால் வைத்து நடந்தோம். கீழ்ப்பக்கத்து நீர்க்குழாய் வால்வுகளை எல்லாம் மூடினோம். குக்கரும் தட்டுகளும் ஒரே மூலையில் குவிந்து கிடந்தன. பன்னிரண்டு மணிக்கு எங்களைச் சுற்றிச் சேறு பளபளத்தது, சிப்பித் திட்டுகள் வெளியே தெரிந்தன, சின்ன நண்டுகள் கீலுக்குப் பக்கத்திலேயே ஓடின.

மேட்டுப்பக்க விளிம்பில் இருவரும் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, "காலையிலேயே எனக்கு வேண்டாம்னு தோணுச்சு" என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும்தான்மா" என்றார்.

மூன்றரை மணிக்குத் தண்ணீர் எங்களைத் தூக்கிவிட்டது. அடிச்சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சேறு மென்மையானது. இருட்டுமுன் அடுத்த ஓடையில் நங்கூரம் போட்டு, யாராவது "வேண்டாம்" என்றால் போவதில்லை என்ற விதியை எழுதிச் சுக்கான் அருகே ஒட்டினோம். வாய்விட்டுச் சொல்லாத "வேண்டாம்" எதற்கும் உதவாது.

நீங்கள் தரை தட்டினால் செய்ய வேண்டியது: ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஏறினால் காத்திருங்கள். இறங்கினால் முதல் ஐந்து நிமிடம்தான் உங்களுடையது. சிறுபடகில் நங்கூரத்தை ஏற்றிப்போய் ஆழமான பக்கம் போட்டு இழுத்துப் பாருங்கள். நகராவிட்டால் படகு மேட்டுப்பக்கமாகச் சாயும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆழத்தின் பக்கம் சாய்ந்தால் திரும்பி வரும் தண்ணீர் உள்ளே புகலாம். ஸீ டோ, டோபோட்யுஎஸ் ஆகிய இழுவைச் சேவைகளில் ஒன்றில் கிளம்பும் முன்பே உறுப்பினராகிவிடுங்கள். உறுப்பினர் இல்லாமல் அழைத்தால் கட்டணம் கண்ணைக் கட்டும்.

நங்கூரக் கணக்கும் இங்கேதான் மாறுகிறது. வற்றத்தில் 10 அடி நீர், அணியம் நீருக்கு மேல் 4 அடி என்றால் 14. ஐந்து மடங்கு, 70 அடிச் சங்கிலி போதும் என்று தோன்றும். ஓதம் 8 அடி ஏறும், 22 ஆகிவிடும். 110 அடி விட வேண்டும். விட்டபின் படகு சுற்றுவதற்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திரும்பும், படகும் எதிர்ப்பக்கம் திரும்பும்.

ஜார்ஜியாவின் தென்கோடியில் கம்பர்லாண்ட் தீவு. 1972 முதல் தேசியக் கடற்கரைப் பூங்கா. சிறுபடகில் கரைக்குப் போனால் ஓக் மரங்களுக்கு அடியில் காட்டுக் குதிரைகள் மேய்கின்றன. கார்னகி குடும்பத்து டன்ஜனெஸ் மாளிகை 1959-இல் எரிந்தது, சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

குளிரும் சமையலும்

காபினில் சூடு வேண்டும், ஆனால் சமையல் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயவே கூடாது. மூடிய காபினில் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். டீசல் ஹீட்டர் வெளிக்குழாயோடு பொருத்துவது நல்லது. எது வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். இரவில் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகிக் கூரையிலிருந்து சொட்டும். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக ஏதாவது விரியுங்கள், ஒரு ஜன்னல் விரலளவு திறந்திருக்கட்டும். காலையில் மேல்தளத்தில் உறைபனி கண்ணாடிபோல் வழுக்கும். ஒரு வாளி ஆற்றுநீர் ஊற்றிவிட்டுக் கால் வையுங்கள். அணியத்துக்குப் போகிறவர் உயிர்காப்பு உடை இல்லாமல் போகக் கூடாது. அந்தத் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடத்தில் கை மரத்துவிடும்.

சமையலுக்கு பிரஷர் குக்கரை மிஞ்சிய பாத்திரம் படகில் கிடையாது. எரிவாயு மிச்சம், மூடி பூட்டியிருப்பதால் அலையில் கவிழ்ந்தாலும் கொட்டாது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரசப்பொடி கொண்டுபோங்கள். சோறு மட்டும் வடித்தால் போதும் என்ற நாட்கள் நிறைய வரும். விடியுமுன் ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி ஊற்றிச் சுக்கான் பக்கத்தில் கட்டிவைப்பது என் வழக்கம். பாலத்துக்காக நிற்கிற அரைமணி அதனால் ஓடிவிடும்.

ஃபுளோரிடா

1565-இல் ஸ்பானியர் நிறுவிய செயின்ட் அகஸ்டின் நகரில் நகராட்சியின் கட்டுமிதவைகள் உண்டு, முன்பதிவு செய்யுங்கள். தெற்கே போகப் போகக் குளிர்காலம் முழுக்கக் கடற்பசுக்களுக்கான மெதுவேகப் பகுதிகள் வரும். ஹாலோவர் கால்வாயில் சாம்பல் நிற முதுகும் மூச்சுச் சத்தமும் படகுக்குப் பக்கத்திலேயே எழும். புரொப்பெல்லர் வெட்டிய தழும்பு அவற்றின் முதுகில் வரிவரியாகத் தெரிகிறது. பலகை சொல்லும் வேகத்தை அப்படியே கடைப்பிடியுங்கள். டைட்டஸ்வில்லில் நிற்கும்போது கென்னடி விண்வெளி மையத்திலிருந்து ராக்கெட் ஏவும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், மேல்தளத்திலிருந்தே காணலாம். வீரோ பீச்சுக்கு 'வெல்க்ரோ பீச்' என்று பட்டப்பெயர், வெல்க்ரோ ஒட்டுப்பட்டைபோல் ஒட்டிக்கொண்டு வந்தவர் கிளம்புவதில்லை.

பாம் பீச்சிலிருந்து மயாமி வரை திறக்கும் பாலங்கள் நெருக்கி நெருக்கி வரும். காற்று மிதமாக இருந்தால் லேக் வொர்த் முகத்தில் கடலுக்குப் போய், கரையை ஒட்டி ஃபோர்ட் லாடர்டேல் வரை 40 கடல் மைல் பாயில் ஓடலாம். ஆனால் அங்கே வளைகுடா நீரோட்டம் கரைக்குச் சில மைல் தூரத்திலேயே வடக்கு நோக்கி ஓடுகிறது. வாடை அதற்கு எதிராக வீசினால் அலை சுவர்போல் நிற்கும். வடக்கு கலந்த எந்தக் காற்றிலும் வெளியே போகாதீர்கள், உள்ளேயே பாலங்களுக்குக் காத்திருங்கள்.

மயாமி போய்ச் சேரும்போது படகின் அணியத்தில் இருபுறமும் பழுப்பு மீசை முளைத்திருக்கும். சதுப்புநீரின் கறை அது. எலுமிச்சைச் சாற்றைப் பூசிச் சற்று ஊறவிட்டுக் கழுவினால் போகும். அதிகம் பிடித்திருந்தால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த படகுக் கழுவியைக் கையுறை போட்டுக்கொண்டு பூசுங்கள். புயல் பருவம் தொடங்கும் ஜூன் 1-க்கு முன் காப்பீடு சொல்லும் எல்லைக்கு வடக்கே திரும்பிவிட வேண்டும், ஏப்ரல் முதல் வாரம் கிளம்பினால் சரியாக இருக்கும். திரும்பும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். மஞ்சள் முக்கோணமும் சதுரமும் அதேபோல் இடம் மாறும். முதல் நாள் காலையில் அதை இருவரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நங்கூரத்தை எடுங்கள்.